எட்டு மீட்டர் காலி இடம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘ஊருக்குள் விளையாட்டரங்கம்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது மூன்று: தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி. கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஹாக்கிக்கு அப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படவில்லை. 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் நம்மூர் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். நம்மூர் விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் அதே அணியில் இருந்தார். கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வடக்கேயிருந்தெல்லாம் அணிகள் வருகின்றன.

அதனால் டீக்கடையில் ஹாக்கிப் பேச்சு வந்தாலே, “நம்மூருக்கும் பெரிய கேலரியோடு ஒரு ஸ்டேடியம் வேண்டும், அதுவும் ஊருக்குள்ளேயே வேண்டும்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஊருக்கு வெளியே பத்துக் கிலோமீட்டரில் கட்டினால் சைக்கிளில் போகிற பையனும் பிள்ளையும் போக மாட்டார்கள். ஆனால் ஊருக்குள் என்றால் இடம் குறைவு. நாலு பக்கமும் வீடு, கடை, ரோடு. அந்தக் குறுகிய இடத்தில் எதைக் கட்டுவது என்பதைவிட எதைக் கட்டாமல் விடுவது என்பதுதான் பெரிய கேள்வி. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. அது ஹாக்கி மைதானம் அல்ல, கிரிக்கெட் மைதானம். சென்னை சேப்பாக்கம்.

1916-ல் தொடங்கிய மைதானம் அது. 1952-ல் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அங்கேதான். ஒரு பக்கம் வாலாஜா சாலை, இன்னொரு பக்கம் பெல்ஸ் ரோடு, கிழக்கே பறக்கும் ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும். எந்தப் பக்கமும் ஓர் அடி கூட நகர முடியாது. 2011 உலகக் கோப்பைக்காக அதைப் புதுப்பித்தார்கள். லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நட்ராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தார்கள். பழைய கேலரியில் கூரையைத் தாங்கிய தூண்கள் பார்க்கிறவர்களின் கண்ணை மறைக்கும். அவற்றை எடுத்துவிட்டு, கேபிளில் இழுத்துக் கட்டிய கூம்பு வடிவ மெல்லிய கூரை போட்டார்கள். கேலரியை 36 டிகிரி சரிவில் எழுப்பினார்கள். கேலரிகளுக்கு இடையே இடைவெளி விட்டதால் கடற்காற்று உள்ளே வருகிறது.

அந்த 36 டிகிரியைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்து மீட்டர் பின்னால் போனால் ஏழு மீட்டருக்கு மேல் உயரம் ஏறிவிடும். கேலரி செங்குத்தாக ஏற ஏற, அது பிடிக்கும் தரை குறையும். கடைசி வரிசை ஆளும் மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பார். இடமில்லாத ஊரில் இது நல்ல உத்தி.

இவ்வளவு யோசித்துக் கட்டிய மைதானத்தில் என்ன நடந்தது? ஐ, ஜே, கே என்று மூன்று கேலரிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 4,000 பேர் உட்காரலாம். அவற்றுக்குப் பக்கத்தில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே விதிப்படி எட்டு மீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லை. விஷயம் உயர் நீதிமன்றம் போனது, உச்ச நீதிமன்றம் போனது. பல ஆண்டுகள் அந்த மூன்று கேலரிகளும் பூட்டிக் கிடந்தன. டிவியில் மேட்ச் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் வெறிச்சோடிக் கிடந்ததே, நினைவிருக்கிறதா? டிக்கெட் கிடைக்காமல் வெளியே ஆயிரக்கணக்கானோர் நிற்க, உள்ளே 12,000 இருக்கைகள் காலி. கடைசியில் அந்த உடற்பயிற்சிக்கூடத்தை இடித்து இடைவெளி உண்டாக்கினார்கள். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டுக்குத்தான் அந்தக் கேலரிகள் மறுபடியும் ரசிகர்களுக்குத் திறந்தன. 2023 மார்ச்சில் புதிய கலைஞர் மு. கருணாநிதி கேலரியும் திறக்கப்பட்டு, இன்று சுமார் 38,000 பேர் உட்காரும் மைதானமாக இருக்கிறது.

எட்டு மீட்டர் என்றால் என்ன? நம் குடியிருப்பின் பெரிய தெரு அகலம்கூட இல்லை. ஆனால் தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கும், ஆம்புலன்ஸ் நுழைவதற்கும், பதறி ஓடி வருகிற கூட்டம் மூச்சு விடுவதற்கும் அந்த இடம்தான் இருக்கிறது. அதை விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. விடாததால் 12,000 இருக்கைகள் வருடக்கணக்கில் வீணாயின.

வீணானது இருக்கை மட்டும் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பெங்களூரில் உயிர் போனது. 2025 ஜூன் 4. ஐபிஎல் கோப்பை வென்ற அணியைப் பார்க்கச் சின்னசாமி மைதானத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வந்தது. மைதானத்தின் கொள்ளளவு சுமார் 35,000. வாசல்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். நிகழ்ச்சியை நடத்திய விதத்திலும் அனுமதியிலும் பல குறைகள் பேசப்பட்டன. ஆனால் விசாரணை நடத்திய நீதிபதி குன்ஹா ஆணையம் கட்டடத்தைப் பற்றியும் ஒன்று சொன்னது. பெருங்கூட்டத்துக்கு அந்த இடத்தின் அமைப்பே பொருந்தாது. வாசல்கள் நேராக நடைபாதையில் திறக்கின்றன. வரிசையில் நிற்கவே இடம் இல்லை என்றது. உள்ளே எவ்வளவு பேர் உட்காரலாம் என்று கணக்குப் போட்டவர்கள், வெளியே எவ்வளவு பேர் நிற்க முடியும் என்று கணக்குப் போடவில்லை.

சரி, இதெல்லாம் பெரிய நகரத்துக் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தம்பிகளே, தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாக்கிக் களத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். கோட்டுக்கு வெளியே ஓடி நிற்பதற்குக் கோல் பக்கம் ஐந்து மீட்டர், பக்கவாட்டில் நான்கு மீட்டர் விட வேண்டும். ஆக மொத்தம் 101.4-க்கு 63. நம் கணக்கில் 158 சென்ட். இதைச் சுருக்க வழியே இல்லை. உலகம் முழுவதும் ஒரே அளவு.

5,000 பேருக்குக் கேலரி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு அரை மீட்டர் அகலம், வரிசைக்கு 80 சென்டிமீட்டர் ஆழம். களத்தின் இரண்டு நீளப் பக்கங்களிலும் 14 வரிசை வீதம் எழுப்பினால், நடைவழி போக ஏறக்குறைய 5,000 பேர் உட்காரலாம். ஒவ்வொரு கேலரியும் சுமார் 11 மீட்டர் ஆழம். இரண்டும் சேர்ந்து 56 சென்ட்.

இதைச் சுற்றி நாலு பக்கமும் எட்டு மீட்டர் காலி இடம் விட்டால் அது மட்டும் 80 சென்ட் ஆகிறது. மொத்தம் ஏறத்தாழ மூன்று ஏக்கர். அதாவது, வாங்குகிற அல்லது ஒதுக்குகிற இடத்தில் கால் பங்குக்கு மேல் ஒன்றும் கட்டாமல் சும்மா விட வேண்டும். கேலரி பிடிக்கும் இடத்தைவிடச் சும்மா விடும் இடம் அதிகம்!

எல்லாருடைய கண்ணும் போகிற இடம் அந்த 80 சென்ட்தான். “இவ்வளவு இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்? இங்கே நாலு கடை கட்டினால் வாடகை வருமே, கேலரியை இன்னும் ஆறு வரிசை நீட்டலாமே” என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். சேப்பாக்கத்தின் 12,000 இருக்கைகளை அப்போது அவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியது நாம்தான்.

அடுத்தது படிக்கட்டு. இங்கிலாந்தில் மைதானப் பாதுகாப்புக்கென்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம். சமதரையில் 82 பேர். எட்டு நிமிடத்துக்குள் எல்லாரும் கேலரியை விட்டு வெளிவழிக்கு வந்துவிட வேண்டும். ஒரு கேலரியில் 2,500 பேர் என்றால் மொத்தம் 4.7 மீட்டர் படிக்கட்டு அகலம் வேண்டும். நாலு படிக்கட்டாகப் பிரித்து, ஆளுக்கு 1.2 மீட்டர் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும் போலத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு படிக்கட்டில் தீயோ புகையோ தடையோ வந்தால்? மீதி மூன்றே போதுமானதாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒவ்வொன்றும் 1.6 மீட்டர். இந்த 40 சென்டிமீட்டர் வித்தியாசம் பிளானில் ஒரு நூல் அளவு கோடு. நெரிசலில் அதுதான் உயிர்.

இனி வெயிலும் காற்றும். ஹாக்கிக் களத்தை வடக்கு–தெற்காகப் போட வேண்டும். கிழக்கு–மேற்காகப் போட்டால் சாயங்காலம் ஒரு கோல்கீப்பருக்குச் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். பந்து வருகிற வேகத்துக்கு அது விளையாட்டல்ல. இடம் குறுகலாக இருக்கும்போது, மனை எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் களத்தைத் திருப்பி வைக்கத் தோன்றும். எனவே மனையைத் தேர்ந்தெடுக்கும்போதே வடக்கு–தெற்கு நீளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். களம் அப்படி அமைந்தால் கூரை போட்ட பெரிய கேலரி மேற்குப் பக்கம் வர வேண்டும். சாயங்கால வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆனால் நம் ஆடிக் காற்றும் மேற்கேயிருந்துதான் வருகிறது. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று. அது கேலரியின் முதுகில் மோதிக் கூரையை மேலே தூக்கப் பார்க்கும். நம்மூரில் கூரை கீழே விழாமல் இருக்கத் தாங்கினால் மட்டும் போதாது, மேலே பறக்காமல் பிடித்தும் கட்ட வேண்டும்.

மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் பருத்திக்குத் தாய். சுவருக்கு அப்படியில்லை. மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நம் வீடுகளில் ஜன்னல் மூலையில் குறுக்காக விழும் விரிசலெல்லாம் அதன் கையெழுத்துதான். ஹாக்கி டர்ஃபோ மில்லிமீட்டர் கணக்கில் மட்டமாக இருக்க வேண்டிய பொருள். கீழே மண் ஏறி இறங்கினால் பந்து துள்ளும். தண்ணீர் ஓரிடத்தில் தேங்கும். ஆகவே களத்துக்கு அடியில் கரிசலை வெட்டி எடுத்து, உப்பாத மண்ணும் ஜல்லியும் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். கேலரித் தூண்களுக்கு, அடியில் குமிழ் போல விரிந்திருக்கும் பைல் அஸ்திவாரம் ஏற்றது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை அது. மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில், மண்ணின் ஈரம் பருவத்துக்குப் பருவம் அதிகம் மாறாத இடத்தில், அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும். இந்தச் செலவு வெளியே தெரியாது. திறப்பு விழாவில் யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். அதனாலேயே முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

தண்ணீருக்கு வருவோம். தாய்மார்கள் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும்: “சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு காத்திருக்க, புல்லுக்குத் தண்ணீர் அடிப்பதா?” நியாயமான கேள்வி. தண்ணீர் நனைத்து ஆடும் வகை டர்ஃபில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நனைக்க ஏறத்தாழ 18,000 லிட்டர் வேண்டும். உலக ஹாக்கிக் கூட்டமைப்பே குறைந்த தண்ணீரிலும் தண்ணீரே இல்லாமலும் ஆடும் டர்ஃபை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமாராக 700 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். அந்த 158 சென்ட் களத்தின் மேல் மட்டும் விழுவது 44 லட்சம் லிட்டருக்கு மேல். எழுபது சதவீதம் பிடித்தாலும் 31 லட்சம். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடுவதால் அதைத் தேக்க இடம் வேண்டும். கேலரிக்கு அடியில் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் ஐந்து லட்சம் லிட்டர் நிற்கும். 27 தடவை நனைக்கலாம். மிச்சத்தை வடிகட்டி நிலத்துக்குள் இறக்கலாம். கண்மாயும் ஊருணியும் வெட்டி வாழ்ந்த ஊர் நம்மூர். மைதானத்தையும் ஓர் ஊருணியாக நினைத்து வரைந்தால், குடிதண்ணீர்க் குழாயில் கை வைக்க வேண்டிய அவசியம் குறையும்.

குறுகிய இடம் என்பது சாபம் அல்ல. லண்டனில் பிரென்ட்ஃபோர்ட் கால்பந்துக் கிளப்பின் மைதானம் மூன்று ரயில் பாதைகளுக்கு நடுவே முக்கோண மனையில் இருக்கிறது. 2020-ல் திறந்தார்கள். 17,250 பேர் உட்காரலாம். கேலரிகளை ஒரே அச்சில் வார்க்காமல், மனையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தகுந்த மாதிரி அமைத்தார்கள். மொனாகோவில் இடமே இல்லாததால் கால்பந்துக் களத்துக்கு அடியிலேயே கார் நிறுத்துமிடம் வைத்தார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் வண்டிகளைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

5,000 பேரில் பாதிப் பேர் இருவர் இருவராகப் பைக்கில் வந்தால் 1,250 பைக். வண்டிக்கு இரண்டு சதுர மீட்டர் என்றாலும் 60 சென்டுக்கு மேல் வேண்டும். அந்த இடம் மைதானத்துக்குள் இல்லை. அப்படியானால் நம் வீட்டு வாசலில்தான் நிற்கும். 2023 ஐபிஎல் போட்டிகளின்போது சென்னையில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோ ரயிலில் போய்வர ஏற்பாடு செய்தார்கள். நமக்கு மெட்ரோ இல்லை. ஆனால் விடுமுறை நாளில் காலியாக இருக்கும் பள்ளி, கல்லூரி மைதானங்கள் இருக்கின்றன. பேருந்து நிலையம் இருக்கிறது. மினி பஸ் இருக்கிறது. வண்டியை அங்கே விட்டுவிட்டு வரும்படி முன்கூட்டியே திட்டமிடலாம்.

கடைசியாக, நாம் செய்ய வேண்டியது. என்றைக்காவது ஒருநாள் ஒரு பிளான் நம் முன்னால் விரிக்கப்பட்டால், வண்ணப்படத்தில் கூரையின் அழகைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட வேண்டாம். ஐந்து கேள்வி கேட்போம். ஒன்று, கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி தடையில்லாமல் ஒரு சுற்று வர முடியுமா? இரண்டு, ஒரு வாசல் அடைபட்டால் மற்ற வாசல்கள் வழியாக எட்டு நிமிடத்தில் எல்லாரும் வெளியேற முடியுமா? வாசல் ரோட்டில் திறக்கிறதா, உள்ளே நிற்க இடம் விட்டுத் திறக்கிறதா? மூன்று, மண் பரிசோதனை நடந்ததா, அஸ்திவாரம் என்ன வகை? நான்கு, தண்ணீர் எங்கிருந்து வரும், மழைத் தண்ணீர் எங்கே போகும்? ஐந்து, பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை, வண்டி எங்கே நிற்கும், விளக்கும் ஒலிபெருக்கியும் எத்தனை மணிக்கு அணையும்? இதற்கெல்லாம் பதில் எழுத்தில் வரட்டும். பதில் வந்த பிறகு கூரையின் நிறத்தைப் பேசலாம்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். வருடத்தில் சில நாள் நடக்கும் பெரிய போட்டிக்காக 80 சென்ட் இடத்தை வருடம் முழுவதும் சும்மா போடுவதா? சும்மா போட வேண்டாம். அந்த எட்டு மீட்டர் இடைவெளியின் நடுவில் மைதானத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தால் எவ்வளவு தூரம் தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 மீட்டர் சொச்சம். இப்போது பைபாஸ் ரோட்டோரம் லாரிக்குப் பயந்து பயந்து வாக்கிங் போகும் நமக்கு இதைவிட நல்ல பாதை எங்கே கிடைக்கும்? பத்துச் சுற்று நடந்தால் நாலு கிலோமீட்டர். காலையில் நாம் நடப்போம், உள்ளே பிள்ளைகள் பயிற்சி எடுப்பார்கள். தினமும் ஊரே நடக்கும் இடத்தில் யாரும் கடை போட்டு மறைத்துவிட முடியாது. போட்டி நாளில் ஆபத்து வந்தால் அந்த வழி திறந்தே இருக்கும்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வரட்டும்.